தகவல் வை.பி.யும் ஆற்று நடுவில் நின்ற படகும்

மலேசியாவில் இதுவரை பிறந்த அரசியல்வாதிகளில், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் வியாதி கண்ட ஒரே மனிதர் எங்கள் தகவல் வை.பி.தான். சட்டமன்ற உறுப்பினர் எல்லாரையுமே இங்கே 'மாண்புமிகு' என்று பொருள்படும் மலாய்ச் சுருக்கத்தில் வை.பி. என்றுதான் கூப்பிடுவோம் என்றாலும், 'தகவல்' என்ற பட்டம் இவர் ஒருவருக்குத்தான் உண்டு. கேட்ட கேள்வி என்ன, கேட்காத கேள்விக்கும் பதில் சொல்வார்.

கிள்ளானில் அவருடைய சேவை மையத்தில் நான் குமாஸ்தா. சேர்ந்த முதல் நாள் யாருக்கோ ஒரு கடிதம் தட்டச்சு செய்து, 'விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும்' என்று அழகாக முடித்து நீட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"புஷ்பா, விரைவில்னா என்னைக்கு?"

"அது சும்மா ஒரு மரியாதைக்கு வை.பி."

"மரியாதைக்கு 'அன்புடன்'னு போடும்மா. 'விரைவில்'னு போட்டா அந்த மனுஷன் வாசல்லயே உக்காந்திருப்பாரு."

அன்றோடு அந்தச் சொல்லுக்கு எங்கள் அலுவலகத்தில் தடை.

ஒவ்வொரு சனிக்கிழமை காலையும் படகுத்துறைத் தேநீர்க் கடையில், பாலும் சீனியும் போடாத தே ஓ ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு மக்களுக்குத் தகவல் சொல்வார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பம், அதாவது கிராமம், இருக்கிறது. அங்கிருந்து கிள்ளானுக்கு வேலைக்கு வருகிறவர்களுக்குக் காதர் பாயின் படகுதான் கதி. சாலை வழியாகச் சுற்றி வந்தால் அரை நாள் சம்பளம் போய்விடும். அந்தப் படகோ எப்போது ஓடும், எப்போது ஆற்று நடுவில் நின்று யோசிக்கும் என்று காதர் பாய்க்கே தெரியாது. புதுப் படகுக்கு நிதி கேட்டு வை.பி. மனு போட்டிருந்தார்.

வேறு யாராக இருந்தாலும் 'மனு பரிசீலனையில் இருக்கிறது' என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பார்கள். இவர் சொல்வார்: "கோப்பு ஷா ஆலம் அரசாங்க ஆபீஸ்ல மூணாவது மாடியில இருக்கு. இடது பக்கம் ரெண்டாவது மேசை. மேசைக்கார அதிகாரிக்குக் கடவாப் பல்லு வலி. ரெண்டு நாளா மெடிக்கல் லீவு."

அடுத்த சனிக்கிழமை படகைப் பற்றி யாரும் கேட்கவில்லை. "அந்த ஆளுக்குப் பல்லு எப்படி இருக்கு?" என்றுதான் கேட்டார்கள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் லெட்சுமி அக்கா ஒரு சின்னப் போத்தலில் கிராம்புத் தைலமே கொண்டுவந்துவிட்டார். "பஞ்சுல தொட்டு வச்சுக்கச் சொல்லுங்க வை.பி. நமக்குக் கையெழுத்துப் போடுற ஆளு, நல்லா இருக்கணும்லா." வை.பி. அதை மூன்றாவது மாடிவரை கொண்டுபோய்க் கொடுத்தார். தைலம் கைமாறிய விவரத்தையும் மறு சனிக்கிழமை மக்களுக்கு அறிவித்தார்.

சூரிய சக்தியில் எரியும் பத்து விளக்குகளைக் கம்பத்துத் தெருவில் போட்டார்கள். ஒன்பது ஒழுங்காக எரிந்தன. பத்தாவது விளக்குக்கு மட்டும் தலைகீழ்ப் புத்தி. வெயில் வந்தால் எரியும், இருட்டினால் அணைந்துவிடும். அடுத்த கட்சிக்காரர் அதைப் படம் பிடித்து முகநூலில் போடப் போனால், வை.பி. முந்தின நாளே அந்த விளக்குக்குக் கீழே நின்று படம் எடுத்து, 'இது பகலில் எரிகிறது, நான் பொறுப்பு' என்று போட்டிருந்தார். பாவம், அந்த மனிதர் எங்கள் மையத்துக்கே வந்து என்னிடம் புலம்பினார்: "எங்களுக்கும் ஏதாச்சும் மிச்சம் வைக்கச் சொல்லும்மா."

இடம் பொருள் ஏவல் எல்லாம் அவர் அகராதியிலேயே கிடையாது. ஒரு கல்யாண வீட்டில் மணமக்களை வாழ்த்தச் சொல்லி மைக்கைக் கொடுத்தார்கள். இரண்டு வரி வாழ்த்தினார். பிறகு ஜெஞ்சாரோம் பக்கம் செம்பனை ஆலைக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்குத் தாவிவிட்டார். கழிவுக் குளம் எப்படிக் கொப்பளிக்கும், நுரை எந்த நிறத்தில் இருக்கும், வாடை காற்றில் எவ்வளவு தூரம் போகும் என்றெல்லாம் அவர் விவரித்த நேரத்தில், சபையில் இலை போட்டுப் பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பெண்ணின் அப்பாவுக்கு வேறு வழி தெரியவில்லை. தாலி கட்டி ஒரு மணி நேரம் கழித்து, மேளக்காரர்களைப் பார்த்து விரலை ஆட்டி, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று கத்தினார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. படகு விஷயம் அப்படி இல்லை. லெட்சுமி அக்கா தாமதமாகப் போய்த் தொழிற்சாலையில் இரண்டு முறை எச்சரிக்கைக் கடிதம் வாங்கிவிட்டார். மூன்றாவது வந்தால் வேலை இல்லை. அந்தச் சமயத்தில்தான் அதிகாரிகள் படகைப் பார்க்க வரப்போவதாகச் செய்தி வந்தது.

காதர் பாய் மானஸ்தர். பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்றதும் மூன்று நாள் சோறு தண்ணி மறந்து படகுக்கு நீலச் சாயம் அடித்தார். மச்சானின் மீன்பிடிப் படகிலிருந்து இயந்திரப் பாகங்களை இரவல் வாங்கி மாட்டினார். கோயில்காரர்கள் தங்கள் பங்குக்கு மாவிலைத் தோரணம் கட்டினார்கள். அன்று அந்தப் படகு போனதைப் பார்க்க வேண்டுமே! இயந்திரம் தாலாட்டுப் பாடியது. அதிகாரிகள் அக்கரை போய், கரிபாப் சாப்பிட்டு, இக்கரை திரும்பி, "பாகுஸ்! நல்லாத்தானே இருக்கு?" என்றார்கள்.

வை.பி.யின் கட்சிக்காரர் ஒருவர் திரும்பும் வழியிலேயே அவர் காதில், "எண்ணெய்க் குழாயை லேசா இழுத்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறார். வை.பி. அவர் கையைப் பிடித்துத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். கரையில் இறங்கியதும் அதிகாரிகளிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார்: படகு இன்று மட்டும்தான் இப்படி ஓடும், பாகங்கள் இரவல், நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அதிகாரிகள் சிரித்துக்கொண்டே, 'திருப்திகரமாக இயங்குகிறது' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். காதர் பாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "நாலு பேருக்கு முன்னால என் போட்டை இரவல் போட்டுன்னு சொல்லிட்டீங்களே வை.பி.!" அன்றிலிருந்து அவரோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. வை.பி. எழுந்து நின்று சொன்னார்: "இந்த வருஷம் நிதி இல்ல. காரணம், படகு நல்லா ஓடிச்சு."

லெட்சுமி அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "குழாயை இழுக்கட்டுமான்னு கேட்டப்ப வேணாம்னீங்களாமே? ஒரே ஒரு பொய் வை.பி.! ஒன்னு! அவனவன் ஆயிரம் சொல்றான்."

"சொல்லியிருந்தா அப்புறம் நான் சொல்ற தகவலை நீங்க எப்படிக்கா நம்புவீங்க?"

"நம்பி என்னத்த செய்ய? ஆத்துல நீந்தியா வேலைக்குப் போறது?"

கடையே சிரித்தது. வை.பி. சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை தகவல் கேட்க வந்தவர்கள் மூன்று பேர்: நான், பேசாத காதர் பாய், கடைப் பூனை.

திங்கட்கிழமை விடிந்ததும் வை.பி. முதல் படகில் அக்கரை போய், வேலைக்குப் போகிறவர்களோடு நெருக்கியடித்துக்கொண்டு இக்கரை திரும்பினார். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும். படகு நிற்கும்போதெல்லாம் கைப்பேசியை எடுத்து, பல்வலி வந்த அதே ஷா ஆலம் அதிகாரிக்குக் குரல் பதிவு அனுப்புவார். ஆள் தமிழர்தான் என்பதால் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

"வணக்கம் சார். இன்னைக்கு ஆத்து நடுவுல பதினோரு நிமிஷமா நிக்கிறோம். பின்னால ஒரு கப்பல் வருது. லெட்சுமி அக்கா என்னைத் திட்டுறாங்க."

திட்டு பின்னணியில் தெளிவாகக் கேட்கும். அக்கா வெறும் திட்டோடு நிறுத்துகிறவர் இல்லை. எந்த முதலாளி, எத்தனை எச்சரிக்கை, வீட்டில் எத்தனை வாய் என்று எல்லாம் அதில் வந்துவிடும். ஒரு நாள் அவரே கைப்பேசியைப் பிடுங்கி, "சார், பல்லு வலிக்குத் தைலம் குடுத்தது நான்தான். ஞாபகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டார். இன்னொரு நாள் இயந்திரம் நின்றதும், பேச்சை விட்டிருந்த காதர் பாய் வை.பி.யின் கையிலிருந்த கைப்பேசிக்கு நேராகக் குனிந்து, "போட் சரியில்ல சார். நான்தான் சொல்றேன், என் போட் சரியில்ல" என்றார். அதைச் சொல்ல அந்த மனிதருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று படகில் இருந்த எல்லாருக்கும் தெரிந்தது. வை.பி. பதிவை நிறுத்திவிட்டு அவர் தோளில் கை வைத்தார்.

அந்தப் பதிவுகளை அதிகாரி ஒரு கூட்டத்தில் வரிசையாகப் போட்டுக் காட்டினாராம். நிதி வந்துவிட்டது. தேநீர்க் கடையில் அதை அறிவித்தபோது வை.பி. தன் பெயரைச் சொல்லவே இல்லை. "இந்த நிதி லெட்சுமி அக்கா திட்டினதால கிடைச்சது" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். கைத்தட்டல் ஓய்ந்த பிறகும் அக்கா முந்தானையை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

படகு வந்து சேர்வதற்குள் தேர்தல் வந்துவிட்டது. வை.பி.க்குக் கட்சி மறுபடி வாய்ப்புத் தரவில்லை. அதிகமாகப் பேசுகிறார் என்று காரணம் சொன்னார்களாம். அந்தத் தகவலையும் எங்களுக்கு அவரேதான் சொன்னார். புது வை.பி. வந்தார், நல்லவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுப் படகுக்கு ரிப்பன் வெட்டினார். மேடையில் பழையவர் பெயரை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை, வேலைக்குப் போகிறவர்களின் முதல் பயணம். பழைய வை.பி. சாலை வழியாக மோட்டார்சைக்கிளில் சுற்றி வந்து, அக்கரைத் துறையில் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி வரிசையின் கடைசியில் நின்றார். லெட்சுமி அக்கா படகிலிருந்து இறங்கி வந்து அவர் முன்னால் நின்றார்.

"இங்க என்ன பண்றீங்க?"

"நான் இப்ப வை.பி. இல்லக்கா. வரிசையிலதான் வரணும்."

"அது எங்களுக்குத் தெரியாதா? வாங்க, ஜன்னலோரமா இடம் பிடிச்சு வச்சிருக்கேன்."

இடத்தைப் பிடித்து வைத்திருந்தது அக்காவின் சாப்பாட்டுப் பை. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பழைய வை.பி. உட்கார்ந்தார். காதர் பாய் திரும்பி ஒருமுறை பார்த்துவிட்டுப் படகைக் கிளப்பினார். கிள்ளான் கரை வரும்வரை பை அவர் மடியிலேயே இருந்தது. அக்காவும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

எதிர் இருக்கையில் இருந்த நான் அன்றைக்கு அலுவலகத்துக்கு விடுப்பு சொல்லியிருந்தேன். பாரத்தில் 'காரணம்' என்ற இடத்தில் 'குடும்ப விசேஷம்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன்.