ஓநாயின் தலையில் என் தொப்பி

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் அவர்களுக்கு,

உங்கள் அக்காள் புருஷன் எழுதிக்கொள்வது. முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாழ்நாள் முழுவதும் வீடுகளுக்குச் சாயம் அடித்த கை இது. சுவரில் ஒரு கோடு நெளியாமல் இழுக்கும், ஆனால் ஓர் எழுத்தைச் சுழிக்கச் சொன்னால் நடுங்குகிறது. சில எழுத்து பெருத்தும் சில எழுத்து நோஞ்சானாகவும் இருக்கும், வரிகள் மேடேறிப் பள்ளம் இறங்கும். மெதுவாகப் படியுங்கள், நானும் மெதுவாகத்தான் எழுதுகிறேன். இந்தப் பத்தியை முடிப்பதற்குள் உங்கள் அக்காள் துணியைத் துவைத்துக் காயப்போட்டு மடித்தும் வைத்துவிட்டாள். நாங்கள் இருவரும் நலம். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

விஷயம் வேறொன்றுமில்லை, ஓநாய்தான். உங்கள் புகைப்படச் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர் மூன்று படம் தர வேண்டும், ஒன்றாவது தேற வேண்டும், தேறாவிட்டால் பார்வையாளர் பெஞ்சுக்குப் போய்விட வேண்டும் என்பது சட்டம். எனக்கு இரண்டு போய்விட்டது. மூன்றாவது இந்த வாரம் நடுவர் என்ற முறையில் உங்கள் கைக்கு வருகிறது. எடுத்தவர் பெயரை மறைத்துத்தான் படங்களை உங்களிடம் தருகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் என் படம் எது என்று இங்கே சொல்லிவிடுகிறேன். உறவைக் காட்டிச் சலுகை கேட்கிறேன் என்று நினைக்க வேண்டாம், நடந்ததைச் சொன்னால் நான் கேட்காமலே நீங்கள் கொடுத்துவிடுவீர்கள் என்று ஒரு நம்பிக்கை.

முன்பெல்லாம் உங்கள் கருத்துச் சீட்டை உங்கள் அக்காள்தான் எனக்குப் படித்துக்காட்டுவாள். நீங்கள் ஒரு வரி எழுதியிருந்தால் அவள் மூன்று வரியாகப் படிப்பாள். வைவது தம்பியா அக்காளா என்று பிரித்தறிய முடியாமல் போனதால்தான் இந்த வயதில் முதியோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். இப்போது நானே எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன். திட்டுதான் என்றாலும் இடையில் ஆள் இல்லாமல் நேராக வந்து சேர்வதில் ஒரு சுகம் இருக்கிறது மச்சான்.

முதல் படத்துக்கு 'விலங்கை விடக் கம்பிவலை தெளிவாக இருக்கிறது' என்று எழுதியிருந்தீர்கள், நியாயம். வலை இல்லாத இடம் தேடி, மிருகக்காட்சிசாலையில் ஓநாய்க் கூண்டுக்குப் பின்பக்கம் கண்ணாடி வைத்த சுவருக்குப் போனேன். அந்தப் படத்துக்கு 'ஓநாயின் தலையில் தொப்பி எதற்கு' என்று கேட்டிருந்தீர்கள். அது என் தொப்பி, கண்ணாடியில் விழுந்த என் நிழல். கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு எடுத்தால் நிழல் விழாது, விலங்கின் கண் உயரத்துக்குக் குனிந்தால் முகத்தில் உயிர் வரும் என்றும் நீங்கள்தான் கீழே எழுதியிருந்தீர்கள். இனி நடந்ததற்கெல்லாம் அந்த இரண்டு வரிதான் காரணம்.

அங்கே குழந்தைகள் பார்ப்பதற்காகத் தரையை ஒட்டி ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. வீட்டு ஜன்னலின் கறுப்புத் திரையைக் கழற்றிக் கொண்டுபோய், தலைமுதல் கால்வரை போர்த்திக்கொண்டு, குப்புறப் படுத்துவிட்டேன். அந்தக் கூட்டத்தில் ஒற்றைக்காது என்று ஒரு பெண் ஓநாய், ஆள் சத்தம் கேட்டால் வளையை விட்டு வெளியே வராது. அசையாமல் கிட, வந்தாலும் வரும் என்று காவலர் சொல்லியிருந்தார். நானும் அசையாமல் கிடந்தேன். பகல் நேரம், நல்ல கூட்டம், நடைபாதையில் தலையிலிருந்து கால்வரை துணி மூடிய ஓர் ஆள், பக்கத்தில் கைப்பையோடு ஒரு கிழவி. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வந்தவர்கள் எல்லாம் ஒதுங்கி நின்றார்கள், ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டாராம். ஒரு அம்மாள் உங்கள் அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு, “எப்போம்மா ஆச்சு?” என்று கேட்டிருக்கிறாள். உங்கள் அக்காள் இருக்கிறாளே, “காலையிலேருந்தே இப்படித்தான் கிடக்கறார், கொஞ்சம் சத்தம் போடாம நில்லுங்க” என்றிருக்கிறாள். அவ்வளவுதான், மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. அந்த அமைதியில்தான் மச்சான், ஒற்றைக்காது வளையை விட்டு இறங்கி வந்தது.

நேராக என்னிடம் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது, இந்தப் பக்கம் நான், நடுவில் ஒரு விரல் கனம். என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது. மூக்கைக் கண்ணாடியில் வைத்து மூச்சு விட்டது, நான் பொத்தானை அழுத்தினேன். பிறகு என்னால் எழுந்திருக்க முடியவில்லை, இடுப்பு பிடித்துக்கொண்டது. காவலரும் இன்னொருவரும் தூக்கி நிறுத்தினார்கள். தொப்பியைக் கழற்றியவர், “எழுந்துட்டாரே” என்று சொல்லிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார், கொஞ்சம் ஏமாற்றம்தான் அவருக்கு.

ஆகவே மச்சான், படம் முழுக்க வெள்ளையாக ஆவி படர்ந்து, நடுவே மஞ்சளாக ஒரு கண் மட்டும் தெரிந்தால் அது என்னுடையது. அந்த ஆவி ஓநாயின் மூச்சு. அதை மனதில் வைத்துக் கருத்து எழுதும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தங்கச்சிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகள் கண்ணும் கையும் நன்றாக இருந்து நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் சீட்டு முந்திக்கொண்டு வந்துவிட்டது. ஒன்றல்ல, இரண்டு. எனக்கு வந்ததில் 'நல்ல பனிமூட்டம், ஓநாய் எங்கே?' என்று இருக்கிறது. மற்றது உங்கள் அக்காள் பெயருக்கு. நான் துணிக்குள் கிடந்தபோது பின்னால் நின்று போனில் ஒரு படம் எடுத்து, எனக்குச் சொல்லாமலே சங்கத்தில் கொடுத்திருக்கிறாள். அதற்கு நீங்கள் எழுதியதை நானே எழுத்துக்கூட்டி அவளுக்குப் படித்துக்காட்டினேன்: 'ஓநாய் தலை சாய்க்கும் தருணம் அபாரம். இவரை உடனே சேர்த்துக்கொள்ளலாம். கீழே கிடக்கும் கறுப்பு மூட்டையை மட்டும் வெட்டிவிடவும்.'

எனவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். நான் பார்வையாளர் பெஞ்சிலேயே இருந்துகொள்கிறேன், அங்கிருந்து உங்கள் அக்காள் நன்றாகத் தெரிவாள். ஒரே ஒரு வேண்டுகோள். அந்த மூட்டை நான்தான். ஓநாய் யாரைப் பார்த்துத் தலை சாய்த்தது என்று நினைக்கிறீர்கள்? வெட்ட வேண்டாம் என்று அவளுக்கு ஒரு வரி எழுதுங்கள், நான் சொன்னால் “பார்க்கலாம்” என்கிறாள். வெட்டினாளா விட்டாளா என்பதை அடுத்த வாரம் என் கையாலேயே எழுதித் தெரிவிக்கிறேன்.