ஞாயிற்றுக்கிழமை ரிப்பேர்

எல்லோரும் சௌக்கியமா? மூட்டு வலி எப்படி இருக்கிறது? சர்க்கரை உள்ளவர்கள் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறீர்களா? மாம்பழத்தைப் பார்த்ததும் மறந்திருப்பீர்கள், எனக்குத் தெரியும். சரி, உட்காருங்கள். திருப்பதிப் பக்கத்துப் புத்தூரில் முனிகிருஷ்ணன் கம்ப்யூட்டருக்குப் பின்னால் டார்ச் லைட்டோடு குனிந்துகொண்டிருக்கிறார். அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்வதற்குள் சொல்லிவிடுகிறேன்.

அவருடைய பிரச்சினை சின்னதுதான். எந்த ஒயரைப் பிடுங்குவது?

போன தடவை கறுப்பு ஒயர். அதற்கு முன்னால் மௌஸ். மறுபடியும் அதையே பிடுங்கினால் சந்தேகம் வரும். யோசித்து யோசித்து நீலத்தைப் பிடுங்கினார். திரை இருண்டது. அவர் முகம் வெளிச்சமானது. உடனே போனை எடுத்தார்.

"சீனு, நான்தாம்ப்பா. மறுபடியும் படுத்துக்கிச்சு."

"இன்னா சார் ஆச்சு?"

"ஸ்க்ரீன்ல ஒண்ணுமே வர்ல. இருட்டாயிடுச்சு."

"பின்னால நீலக் கலரு ஒயரு ஒண்ணு கீதா பாருங்க. நல்லா டைட்டா சொருவிக்கினு கீதா?"

"அதெல்லாம் எனக்கு இன்னாப்பா தெரியும்?" என்றார் முனிகிருஷ்ணன், நீல ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே.

"சரி சார். ஞாயித்துக்கெளம வந்து பாக்கறேன்."

இப்படி ஒரு மனிதர் சொந்தக் கம்ப்யூட்டரை எதற்குக் கெடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். முனிகிருஷ்ணன் பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து தலை நரைத்தவர். திருத்தணி பஸ் எப்போது, நாகலாபுரம் பஸ் போய்விட்டதா, சில்லறை எங்கே மாற்றலாம், பாத்ரூம் எந்தப் பக்கம் என்று நாள் முழுக்க ஊரே அவரிடம் கேட்டது. தெலுங்கில் கேட்டவனுக்குத் தெலுங்கில், தமிழில் கேட்டவனுக்குத் தமிழில் பதில் சொல்லிச் சொல்லி வீட்டுக்கு வரும்போது தொண்டை கட்டிக்கொள்ளும். "வூட்லயாவது கொஞ்ச நேரம் வாய மூடிக்கினு இருங்களேன்" என்பாள் மனைவி.

இப்போது மனைவி இல்லை. வேலையும் முடிந்துவிட்டது. ஒரே மகள் காவ்யா டொராண்டோவில். காலையில் பால்காரனிடம் "அரை லிட்டர்" என்று சொன்னால், அதற்கப்புறம் மறுநாள் "அரை லிட்டர்" சொல்லும்வரை பேச்சு இல்லை. ஒரு நாள் வேண்டுமென்றே "முக்கால் லிட்டர்" என்று சொல்லிப் பார்த்தார். பால்காரன் ஏன் என்று கேட்பான் என்று நினைத்தார். அவன் முக்கால் லிட்டர் ஊற்றிவிட்டுப் போய்விட்டான்.

"நைனா, போன்ல ஒன் மூஞ்சி பாதிதான் தெரியுது. ஒரு கம்ப்யூட்டர் வாங்கு. பெருசா பாக்கலாம்" என்றாள் காவ்யா. அதனால்தான் திருப்பதிக்குப் போனார்.

கடைக்கார ரமணா அவர் முன்னால் சின்னதாக ஒரு பெட்டியை வைத்தான். "இது மினி பிசி சார். புதுசு. சத்தம் இருக்காது, எடம் அடைக்காது. டிவிக்குப் பின்னால மாட்டிட்டா இருக்கறதே தெரியாது."

முனிகிருஷ்ணன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். பீடா டப்பா மாதிரி இருந்தது. "ரிப்பேர் வந்தா?"

"வராது சார்."

"வந்தா?"

"வரவே வராது சார். யாரும் வந்து தொடவே தேவல."

மூலையில் ஒரு பெரிய கறுப்புப் பெட்டி நின்றுகொண்டிருந்தது. "அது?"

"அது ரீஃபர்பிஷ்டு சார். ஏதோ ஆபீஸ்ல ஓடினது. நாங்க தொடச்சி, பார்ட்ஸ் மாத்தி விக்கறோம். வெல கம்மி. ஆனா பழசு பழசுதானே, அப்பப்ப மக்கர் பண்ணும். அதுக்குத்தான் ஒரு வருஷம் ஃப்ரீ சர்வீஸ். போன் பண்ணா நம்ம ஆளு ஒங்க வூட்டுக்கே வருவாரு."

"வூட்டுக்கேவா?"

"வூட்டுக்கே சார்."

"அதையே கட்டு" என்றார் முனிகிருஷ்ணன். விலை கம்மி என்பதற்காகத்தான் என்று பஸ்ஸில் வரும்போது தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். கண்டக்டரிடமும் சொன்னார். கண்டக்டர் பெட்டிக்கு லக்கேஜ் டிக்கெட் கிழித்தார்.

முதல் ரிப்பேர் நேர்மையாகத்தான் வந்தது. ஆன் செய்தால் பீப் பீப் என்று கத்தியது. கடையிலிருந்து சீனு வந்தான். நாற்பதைத் தாண்டியவன், ஊத்துக்கோட்டைப் பக்கத்துக்காரன், முதுகில் ஒரு பை. பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த மெமரி கார்டை உருவி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரால் தேய்த்து, மறுபடி சொருகினான். அவ்வளவுதான், ஓடியது.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான். "சார், இங்கருந்து திருப்பதிக்குக் கடைசி பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

முனிகிருஷ்ணனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கடைசி பஸ்ஸைச் சொன்னார். அதற்கு முந்தின பஸ்ஸைச் சொன்னார். எது ரேணிகுண்டா வழியாகப் போகும், எதில் சீட் கிடைக்கும், எந்த டிரைவர் வடமாலப்பேட்டையில் டீக்கு நிறுத்துவார் என்பதையெல்லாம் சொன்னார். சீனு போகவில்லை. நின்றுகொண்டே கேட்டான். பிறகு உட்கார்ந்து கேட்டான்.

"ஒன் பொண்டாட்டி புள்ளைங்க எங்கப்பா?"

"அதெல்லாம் ஆவல சார். ரூமுதான், ஓட்டல் சோறுதான். அது கெடக்கட்டும், அந்தப் பிச்சாட்டூரு பஸ்ஸு ஏன் சார் எப்பவும் லேட்டு?"

அன்றிலிருந்து ஆரம்பித்தது.

அன்று கிளம்பும்போதே, "கடைக்குப் பண்ணாதீங்க சார், அங்க எப்பவும் லைன் பிஸி. நேரா எனக்கே பண்ணுங்க" என்று சீனு நம்பர் கொடுத்திருந்தான். வசதியாகப் போயிற்று. ஆனால் அடுத்து மௌஸைப் பிடுங்கியபோது போனிலேயே சரிசெய்யப் பார்த்தான். அதிலிருந்து போனில் சரிசெய்ய முடியாத ரிப்பேராகத் தேட வேண்டியதாயிற்று. முனிகிருஷ்ணன் யூடியூப் பார்த்துப் பெட்டியைத் திறக்கக் கற்றுக்கொண்டார். எந்த க்ளிப்பை நெம்பினால் எது செத்துப்போகும், எதைத் தொட்டால் நிஜமாகவே செத்துப்போகும் என்று கற்றுக்கொண்டார். எலும்பு முறிந்தவர்கள் எங்கெங்கிருந்தோ கட்டுப் போட்டுக்கொள்ள வரும் ஊரில், நன்றாக இருக்கிறதை உடைக்கிற ஒரே ஆள் அவர்தான்.

வந்தவனைச் சாப்பிடாமல் அனுப்ப முடியுமா? பக்கத்துத் தெருவில் செங்கம்மா மெஸ். அங்கே போய் நின்றார்.

"இன்னா சார், இன்னிக்கி ரெண்டு சாப்பாடா?" செங்கம்மா கரண்டியை ஆட்டினாள். "கம்ப்யூட்டரு ரிப்பேரா?"

"ஒனக்கெப்படித் தெரியும்?"

"ரெண்டு சாப்பாடு வாங்கனா ரிப்பேரு. ஒண்ணு வாங்கனா நல்லா ஓடிக்கினு இருக்குது. தெருவுக்கே தெரியும் சார். போன வாரம் அப்பளம் வேற எக்ஸ்ட்ரா வாங்கனீங்க, பெரிய ரிப்பேரு போலிருக்குதுன்னு நெனச்சிக்கினேன்."

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை சீனு பெட்டியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான். மெமரி கார்டு வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"இது தானா கழண்டுக்கிச்சா சார்? ரெண்டு பக்கமும் க்ளிப்பு கீதே."

"பல்லி பூந்திருக்கும்."

"பல்லியா?"

"பெரிய பல்லிப்பா இங்கெல்லாம்."

"புத்தூரு பல்லிக்கு நல்ல பலம் சார்" என்றான் சீனு, முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல். ரப்பரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். ஒரு நிமிஷ வேலை. சாயங்காலம் வரைக்கும் தேய்த்தான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தவள் காவ்யா.

"ஏன் நைனா போன ஞாயித்துக்கெளம வீடியோவுல வரல?"

"கம்ப்யூட்டரு ரிப்பேரும்மா. சீனு வந்திருந்தாப்ல."

"மறுபடியுமா? அந்தக் கடக்காரன் ஒன்ன நல்லா ஏமாத்திட்டான். ஓட்டப் பெட்டியத் தலையில கட்டிட்டான். இரு, நான் பாத்துக்கறேன்."

"வேணாம்மா, பாவம், நல்ல பெட்டிதான்."

"நல்ல பெட்டி எதுக்கு வாரா வாரம் ரிப்பேர் ஆவுது?"

ஒரு வாரத்தில் கூரியர் வந்தது. பிரித்தால் மினி பிசி.

மாட்டினார். கண் சிமிட்டுவதற்குள் ஆன் ஆயிற்று. அணைத்துப் போட்டார், மறுபடியும் ஆன் ஆயிற்று. சத்தமே இல்லை. பழைய பெட்டியாவது ஃபேன் ஓடும்போது ஹோவென்று இரையும். அடுக்களையில் இருந்தாலும் முன்னறையில் யாரோ இருக்கிற மாதிரி இருக்கும். இது மூச்சுகூட விடவில்லை.

திருப்புளியை எடுத்தார். திருப்பிப் போட்டார். அடியில் காவ்யா கையால் எதுவும் எழுதி ஒட்டியிருக்கவில்லைதான், எங்கேயோ ஒரு கோடவுனிலிருந்து வந்ததுதான். இருந்தாலும் மகள் வாங்கி அனுப்பியது. கை வரவில்லை. திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு, ஒன்றையும் கழற்றாமலே போன் செய்தார்.

"சீனு, எம் பொண்ணு புதுசு ஒண்ணு அனுப்பிக்கிறா. மினி பிசி."

"அது... ரிப்பேரே ஆவாதே சார்."

"ஆயிடுச்சுப்பா."

"ஆயிடுச்சா!" என்றான் சீனு. "ஞாயித்துக்கெளம காலையிலயே வந்துடறேன்."

வந்தான். சீனு ஸ்விட்சைப் போட்டான். படக்கென்று திரை வந்தது. அவர் போட்டு வைத்திருந்த, காவ்யா தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரிக்கிற போட்டோ பளிச்சென்று தெரிந்தது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் ஒரு உப்பு வண்டி கூவிக்கொண்டு போய் மறைந்தது.

சீனு தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"சார், இவ்ளோ சீக்கிரமா ஆன் ஆவக்கூடாது."

"ஆவக்கூடாதா?"

"ஆவக்கூடாது. உள்ள எதோ கோளாறு."

"நானும் அத்தத்தான் நெனச்சேன்."

"சத்தமும் வர்ல பாருங்க. ஓடுதா, நிக்குதான்னே தெர்ல. இந்த ஊரு வெயிலுக்கு இது தாங்காது சார். ஒங்களுக்குப் பழசுதான் கரெக்ட்டு."

"ஒன்ன மாதிரி வெவரம் தெரிஞ்ச ஆளு சொன்னா சரி."

இரண்டு பேருமாகச் சேர்ந்து மினி பிசியைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினார்கள். கறுப்புப் பெட்டி மறுபடி மேஜைக்கு வந்து ஹோவென்று இரைந்தது. செங்கம்மாவின் முருங்கைக்காய்க் குழம்பை இருவரும் ரசித்துச் சாப்பிட்டார்கள். "எதுக்கும் அடுத்த வாரமும் ஒரு தபா வந்து பாத்துட்டுப் போறேன் சார்" என்றான் சீனு. கை கழுவிக்கொண்டே, சத்தியவேடு போகும் பஸ்கள் பற்றிக் கேட்டான். முனிகிருஷ்ணன் அதையும் விலாவாரியாகச் சொன்னார்.

அவன் போனதும்தான் நினைவுக்கு வந்தது. ஒரு வருஷ ஃப்ரீ சர்வீஸ் அந்த மாதத்தோடு முடிகிறது.

அதற்கப்புறம் சீனுவை எந்த முகத்தோடு கூப்பிடுவது? சும்மா வா என்று கூப்பிட்டால் வருவானா? வேலை இல்லாமல் எதற்கு சார் வரணும் என்று கேட்டுவிட்டால்? கேட்கக்கூட வேண்டாம். போனை எடுக்காமல் விட்டால்?

மறுநாள் காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திருப்பதிக்குக் கிளம்பினார். பஸ் பூராவும் மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். கடையில் ரமணா இல்லை. கல்லாவில் சுஷ்மிதா என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"ரண்டி சார், கூர்ச்சோண்டி" என்று நாற்காலியைக் காட்டினாள். "இன்னா வேணும்?"

"ரீஃபர்பிஷ்டு பெட்டி வாங்கனேன்மா, புத்தூரு. சர்வீஸ் முடியப் போவுது. இன்னும் ஒரு வருஷத்துக்குப் போட்டுக் குடு."

"எதுக்கு சார் அந்தப் பழசுக்குத் தண்டமா அழுவறீங்க? எக்ஸ்சேஞ்சுல குடுத்துடுங்க. மினி பிசி தர்றோம்."

"மினி பிசி வேணாம்."

"ரிப்பேரே வராது சார்."

"அதனாலதாம்மா வேணாம்!" என்று கத்திவிட்டார். கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். குரலைத் தணித்துக்கொண்டார். "ஒரு வருஷம் இல்ல, ரெண்டு வருஷத்துக்கே போட்டுடு. ஆனா ஒண்ணு. சீனுவத்தான் அனுப்பணும். ஞாயித்துக்கெளமையில. வேற ஆளு வந்தா நான் கதவே தொறக்க மாட்டேன்."

சுஷ்மிதா பேனாவை வைத்துவிட்டு அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"சீனு அண்ணனா? அவுரு இங்க வேலைய வுட்டுட்டு சத்தியவேடு பக்கம் ஸ்ரீ சிட்டி கம்பெனிக்குப் போயி ரொம்ப நாளாச்சே சார், வாரத்துல ஞாயித்துக்கெளம ஒரு நாளுதான் அவுருக்கு லீவே!"

உங்கள் வீட்டில் இப்போது எது ரிப்பேர்? பார்க்க யார் வருகிறார்கள்? எனக்கு எழுதுங்கள்.