புர்கி ராம்ஸெக் என்று யாரும் இல்லை

ராம்ஸெக் கோட்டை, டிரோல், ஆஸ்திரியா
1957 பிப்ரவரி 6, புதன்

உயர்குடிப் பெண்கள் மடத்தின் துணைத் தலைவியும் நம் வம்சப் புத்தகத்தின் காவலருமான மூத்த சகோதரி ஹெட்விக் அவர்களின் சமூகத்திற்கு, தம்பி எக்பெர்ட் குனிந்து கையில் முத்தமிட்டு எழுதிக்கொள்வது.

இங்கு நான், மனைவி இடா, மகள் புர்கி, கூரையின் மேற்குப் பாதி ஆகிய அனைவரும் நலம். கிழக்குப் பாதி சென்ற வாரம் உணவறைக்குள் வந்து சேர்ந்தது. உங்கள் முழங்கால் மடத்துப் படிக்கட்டுகளோடு சமாதானமாகிவிட்டது என்று நம்புகிறேன்.

முதலில் நல்ல செய்தி. ஞாயிற்றுக்கிழமை நடந்த சறுக்குவண்டித் தேர்வுப் பந்தயத்தில் உங்கள் மருமகள் புர்கி மூன்றாவதாக வந்தாள். முதல் மூன்று பேர் நாட்டின் சார்பில் போட்டியிட நார்வே போகிறார்கள். இரண்டாவது செய்தி, அப்படி ஒரு பெண்ணே கிடையாது என்று அன்று மாலையே நடுவர் குழு தீர்ப்பளித்துவிட்டது. இரண்டு செய்திகளுக்கும் நடுவே வந்தது ஒரு காகிதம் மட்டும்தான். அக்கா, அதை எழுதியவன் நான்.

நம் முன்னோர் குதிரைமேல் நிமிர்ந்து உட்கார்ந்து தேடிய பெருமையை, இவள் ஒரு மரச்சட்டத்தின்மேல் மல்லாந்து படுத்து, கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு, மலையிலிருந்து விழுவதன் மூலம் தேடுகிறாள் என்பதை முன்பே எழுதியிருந்தேன். தாங்கள் பதில் எழுதாததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். இரண்டு குளிர்காலமாக, பனித்தடம் மூடியிருக்கும் நாளெல்லாம், கொள்ளுத் தாத்தாவுக்குப் பேரரசர் அளித்த வெள்ளித் தாம்பாளத்தில் படுத்துக்கொண்டு முன்னோர் படங்கள் மாட்டிய தாழ்வாரத்தில் சறுக்கிப் பழகினாள். அங்கே நிற்கும் இரும்புக் கவசங்களில் இரண்டுக்கு இப்போது முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இந்த ஒன்றுதான்.

ஆனால் பந்தய முடிவை அறிவித்தபோது ஒலிபெருக்கி என்ன சொன்னது தெரியுமா? "எட்டாம் நம்பர், புர்கி ராம்ஸெக்!" அவ்வளவுதான். சந்தையில் பாலாடைக்கட்டி விற்கிறவனைக் கூப்பிடுவதுபோல. வால்புர்கா யூஃபெமியா மரியா லியோபோல்டினா அஃப்ரா, ராம்ஸெக் மற்றும் ஓபர்துர்ன் கோமகள் என்று ஞானஸ்நானத்தில் பாதிரியார் மூச்சு வாங்கி வாங்கிச் சொன்ன பெயர்! என் கையிலிருந்த சூடான ஒயின் ஊர்த் தலைவரின் மடியில் போயிற்று. அவர் துள்ளி எழுந்ததை, ஜெயித்த மகிழ்ச்சி என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள். பந்தயம் முடிந்து கால்மணி நேரத்துக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம் என்பது விதி. கொடுத்தேன். "புர்கி ராம்ஸெக் என்ற பெயரில் எங்கள் குடும்பத்தில் எவரும் இல்லை, எண்ணூறு ஆண்டுகளாக இருந்ததுமில்லை" என்று தெளிவாக எழுதி, மோதிர முத்திரையும் பதித்தேன். பெயரைத் திருத்தி மறுபடி ஒருமுறை உரக்க வாசிப்பார்கள் என்பது என் எண்ணம்.

நடுவர் குழுத் தலைவர் பிக்லர், ஓய்வுபெற்ற ரயில் நிலைய அதிகாரி. காகிதத்தை இரண்டு முறை படித்தார்.

"நல்லா யோசிச்சுத்தான் எழுதுனீங்களா, கோமான் ஐயா?"

"என் மானத்தின்மேல் ஆணை."

"அப்ப எட்டாம் நம்பர் வண்டியில வந்தது யாரு?"

"என் மகள்." முழுப் பெயரையும் சொன்னேன். அதற்குள் அவர் சுருட்டைப் பற்றவைத்து முடித்திருந்தார்.

"அந்தப் பேரு பட்டியல்ல இல்லையே. அதுவும் போக, கோமகள், கோமான் எல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பத்தொம்பதுலேயே சட்டம் போட்டு எடுத்தாச்சு. பட்டியல்ல இருக்கற பொண்ணு உலகத்துல இல்லேங்கறீங்க. உலகத்துல இருக்கற பொண்ணு பட்டியல்ல இல்ல. நான் யாரை நார்வேக்கு அனுப்பறது?"

நான்காவதாக வந்த கசாப்புக் கடைக்காரர் மகள் ஸென்ஸியை அனுப்புவதாக முடிவாயிற்று.

வீடு திரும்பியதும் கோட்டை வாசலில் புர்கி சொன்னாள்: "அப்பா, படிவத்துல பேருக்குப் பன்னெண்டு கட்டம்தான் இருந்துச்சு. நான்தான் அப்படி எழுதுனேன். ரெண்டு வருஷமா முதுகுல தோலே இல்லாமத் திரிஞ்சேன். நீங்க ஒரே காகிதத்துல என்னை இல்லாமப் பண்ணிட்டீங்க." இடா இதைவிடச் சுருக்கமாகச் சொன்னாள்: "இந்த வம்சத்தை முடிக்கத் துருக்கிப் படையாலயே முடியல. நீங்க முடிச்சுட்டீங்க."

நேற்று அந்த ஸென்ஸியே நாலு முழம் சாசேஜோடு வந்து நின்றாள். "எனக்கு நார்வே வேணாம்னு பொய் சொல்ல மாட்டேங்க. ஆனா புர்கி என்னைவிட வேகம். அங்க போனதும் அவ எங்கன்னு கேப்பாங்க. அவங்க அப்பா அழிச்சுட்டாருன்னா சொல்றது?" என்றாள். நான் சாசேஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழி ஒன்று இருக்கிறது என்று நடுவர் குழு எழுதியிருக்கிறது. வெள்ளி மாலை ஐந்து மணிக்குள், "பந்தயத்தில் சறுக்கிய புர்கி ராம்ஸெக் என் மகள்; அவள் பெயர் அவ்வளவுதான், அதற்கு மேல் எதுவும் இல்லை" என்று நான் கையெழுத்திட்டால் தீர்ப்பு ரத்தாகும். அதற்கு மேல் எதுவும் இல்லை! அந்த வரியைப் படித்தபோது படங்களிலிருந்த முன்னோர் அனைவரும் என்னையே பார்த்தார்கள். ஆகவே அக்கா, வம்சப் புத்தகத்தைப் புரட்டி, பதினைந்தாம் நூற்றாண்டானாலும் சரி, பைத்தியம் பிடித்தவளானாலும் சரி, வெறும் புர்கி என்று வாழ்ந்த பெண் ஒருத்தியைக் கண்டுபிடித்துத் தந்தி கொடுங்கள். முன்னோர் ஒருத்தியின் பெயர் என்றால் என் கை கூசாமல் எழுதும். ஒருத்தியும் இல்லையென்றால் நான் கையெழுத்திடமாட்டேன் என்பதையும் வருத்தத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

மடத்துச் சகோதரிகள் அனைவருக்கும் வயது வரிசைப்படி என் வணக்கம். தங்கள் மூட்டுகளுக்கும் நம் எஞ்சிய கூரைக்கும் இறைவன் துணையிருப்பாராக.

தங்கள் கீழ்ப்படிந்த தம்பி,
எக்பெர்ட் யோஹான் நெப்போமுக், ராம்ஸெக் மற்றும் ஓபர்துர்ன் கோமான்

பி.கு.: வியாழன் காலை. உறையை ஒட்டுவதற்குள் பிக்லரே காகிதத்தோடு வந்துவிட்டார். முடியாது என்று சொல்லத்தான் மாடியிலிருந்து இறங்கினேன். புர்கி கீழ்ப்படியில் காலுறையோடு உட்கார்ந்து, சறுக்குவண்டியை ஸென்ஸிக்குக் கொடுப்பதற்காகத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காகிதத்தை வாங்கி என் முழுப் பெயரில் கையெழுத்திட்டேன். பிக்லர் பட்டியலைச் சரிபார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அப்பா பேரு எகி ராம்ஸெக்னு புர்கி எழுதியிருக்கா. நீங்க யாரு?" எகி ராம்ஸெக் நான்தான் என்றேன். இன்னொரு காகிதம் தந்தார். அப்படியே கையெழுத்திட்டேன், மை கொஞ்சம்தான் செலவாயிற்று. "சரி எகி, ஒரு காபி கிடைக்குமா?" என்றார். கிடைத்தது. பழைய புர்கி யாரையும் தேட வேண்டாம் அக்கா. புத்தகத்தில் புதிதாக ஒரு வரி மட்டும் எழுதிவிடுங்கள்: புர்கி ராம்ஸெக், எகியின் மகள்.