பூட்டு அண்ணன் பூட்டைத் திறந்த நாள்

ஈப்போவில் இதுவரை எதையுமே திருட்டுக் கொடுக்காத ஒரே மனிதர் எங்கள் பூட்டு அண்ணன்தான். அவரிடம் திருட நினைக்கும் திருடன் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டுத்தான் வரவேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு மூன்று பூட்டு, சோற்று டப்பாவுக்கு ஒன்று. ஆபீஸ் கழிப்பறையைப் பூட்டிச் சாவியோடு அவர் வீட்டுக்குப் போய்விட்ட கதையை எங்கள் முதலாளி இன்றும் சிரிக்காமல்தான் சொல்வார்.

ஊரில் புந்தோங் பகுதியில் ஒரு கடைவீட்டு மாடியில் ஆபீஸ். டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றப்போகும் வேன் எங்கே வருகிறது என்று அவரவர் கைப்பேசியில் காட்டுவது எங்கள் தொழில். வேன்கள் அனுப்பும் தகவல் ஓயாமல் கிளவுடுக்கு, அதாவது சிங்கப்பூரில் இருக்கும் வாடகைக் கம்ப்யூட்டர்களுக்குப் போகும். போய்ச் சேர்ந்ததும் அண்ணன் போட்டிருக்கும் என்கிரிப்ஷன் அதைப் பூட்டிவிடும்.

ஒருநாள் புது ஆப் மாட்டினோம். பூட்டைத் திறக்க அதற்கு அனுமதி இல்லை. அனுமதி தரவேண்டிய கோலாலம்பூர் ஆள் ஏதோ கல்யாணத்தில் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். யார் கைப்பேசியிலும் வேனைக் காணோம்.

“என்கிரிப்ஷன நிப்பாட்டு லா!” என்று முதலாளி கத்தினார்.

“முடியாது பாஸ். பேஷண்ட் பேரு, வீட்டு நம்பரு எல்லாம் அதுல இருக்கு. தெறந்து போட எனக்கு மனசு வராது லா” என்றார் அண்ணன்.

அப்போது சுங்கை சிப்புட்டிலிருந்து என் அம்மா கூப்பிட்டார். அன்று அவருக்கு டயாலிசிஸ்.

“தம்பி, வேன் எங்கப்பா? ரோட்டோரம் நிக்கிறேன், மழை கொட்டுது. உள்ள போனா விட்டுட்டுப் போயிருவானோன்னு பயமா இருக்கு.”

வேன் டிரைவரும் போனை எடுக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். வேலையில் இறங்கினார். வேன்கள் அனுப்பும் தகவலிலிருந்து பெயர்களையும் வீட்டு எண்களையும் முதலில் நீக்கினார். வேன் நம்பரும் இடமும் மட்டும் மிஞ்சின. பிறகு கண்ணை மூடிக்கொண்டு என்கிரிப்ஷனை நிறுத்தினார். பல் பிடுங்கக் கொடுத்தவர் மாதிரி இருந்தது முகம்.

கொஞ்ச நேரத்தில் திரையில் வேன் முளைத்தது.

“அம்மா, இன்னும் கால் மணி ஆவும். உள்ள போய் உக்காருங்க, நான் கூப்புடுறேன்” என்றேன்.

திரும்பிப் பார்த்தால், அண்ணன் நாற்காலியைத் திரைக்கு முன்னால் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

“என்ன அண்ணே பண்றீங்க?”

“ஜாகா பாக்குறேன் லா, காவலு. கதவு தெறந்து கெடக்குல்ல?”

“டேட்டா சிங்கப்பூர்ல இருக்கு அண்ணே!”

“இருக்கட்டும். நான் இங்கேருந்து பாத்துக்குறேன்.”

சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. டப்பா சாவியை என்னிடம் நீட்டி, “நீ சாப்புடு தம்பி” என்றார். சாயங்காலம் அனுமதி வந்து, என்கிரிப்ஷனை மறுபடி போட்ட பிறகுதான் அவர் தொண்டையில் தண்ணீர் இறங்கியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா அவரைச் சாப்பிட அழைத்தார். அண்ணன் உள்ளே வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், எங்கள் கேட்டைப் பூட்டி இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். கிளம்பும்போது சாவியை நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

“ஒங்கிட்டயே இருக்கட்டும்யா. எங்கிட்ட வேற ஒண்ணு இருக்கு.”

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சாவி ஒன்று பூட்டு அண்ணனிடம் இருக்கிறது. அதற்கு முன்னால் நாங்கள் இவ்வளவு நிம்மதியாகத் தூங்கியதில்லை.