எருமை வளைகாப்பு டாட் காம்

பரமத்தி வேலூரில் கரூர் சாலையை ஒட்டி மூடிக் கிடந்த கல்யாண மண்டபத்துக்கு மறுபடியும் கூட்டம் வரத் தொடங்கியிருந்தது. நாமக்கல்லிலிருந்து முட்டை வியாபாரிகள், திருச்செங்கோட்டிலிருந்து போர்வெல் ரிக் வண்டி முதலாளிகள், எடப்பாடியிலிருந்து தறிக்காரர்கள் என்று வரிசை வாழைத்தோப்பு வரைக்கும் நீண்டது. ஆயிரம் அடிக்குக் கீழே பாறையைத் துளைக்கத் தெரிந்தவர்கள், கம்பெனிக்கு ஓர் இணையதளப் பெயர் வாங்க ஒரு பல்லியின் சம்மதத்துக்குக் காத்து நின்றார்கள்.

பல்லிக்குச் சொந்தக்காரர் வலைவாக்குச் சித்தர். காவி வேட்டி, கழுத்தில் ருத்திராட்சம், காதில் ப்ளூடூத். சித்தராவதற்கு முன்னால் பிரவுசிங் சென்டர் நடத்தி நொடித்துப்போன மயில்சாமி. இமயமலைக்குப் போய் வந்ததாகச் சொன்னார். போனதற்கு யாரும் சாட்சி கேட்கவில்லை.

முறை எளிது. வேண்டிய பெயரை மஞ்சள் தடவிய சீட்டில் எழுதி, டோக்கனில் நேரம் குத்தி வாங்கிக்கொள்ள வேண்டும். சீட்டு திரைக்குப் பின்னால் அம்மன் பாதத்துக்குப் போகும். ஒரு மணி நேரம் கழித்துக் கவுளி சொல்லும். வலப்பக்கம் சொன்னால் பெயர் உங்களுக்கு. இடப்பக்கம் சொன்னால் எதிரி எடுத்துவிட்டான். சந்தேகமிருந்தால் செல்போனில் பார்த்துக்கொள்ளலாம். பெயர் நிஜமாகவே போயிருக்கும். பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சைக்கிளில் வந்தவர்களுக்கு வலப்பக்கமும் காரில் வந்தவர்களுக்கு இடப்பக்கமும் பல்லி சொன்னது ஏன் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மன் அறைக்குள் இன்டர்நெட் கேபிள் எதற்குப் போகிறது என்றும் தோன்றவில்லை.

ஒரே ஒரு விரதம் உண்டு. வாக்குக் கேட்பதற்கு முன் அந்தப் பெயரை யாரும் இணையத்தில் தேடிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் தோஷம்.

இந்த விரதத்தைச் சுத்தமாகக் கடைப்பிடித்தவர் நாச்சிமுத்து. அவர் மனைவி சௌந்திரம் பதினோரு வருடமாகக் கரும்பாலை நடத்தி, ‘ஒத்தக் கொப்பரை’ என்ற பெயரில் நாட்டுச் சர்க்கரை விற்கிறாள். பெயருக்கு டிரேட்மார்க்கும் வாங்கி வைத்திருக்கிறாள். அதற்கு இணையதளம் தொடங்க நினைத்தபோது, அவளுக்குத் தெரியாமல் நாச்சிமுத்து சீட்டெழுதிக் கொடுத்தார். பல்லி இடப்பக்கம் சொன்னது.

அடுத்த மாதமே அந்தப் பெயரில் ஓர் இணையதளம் முளைத்தது. அவளுடைய பாக்கெட், அவளுடைய படம். பாதி விலை என்று சொல்லி, வாங்க வந்தவர்களின் வங்கி எண்ணையும் ரகசிய எண்ணையும் கறந்தது. கரூரிலிருந்து ஒரு டீச்சரம்மா போனில் கூப்பிட்டு அழுதாள். ஈரோட்டுக்காரர் ஒருவர் அழவில்லை, திட்டினார். கடைக்காரர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள்.

நாச்சிமுத்து மறுபடியும் சித்தரிடம் ஓடினார். சித்தர் வருத்தப்பட்டார். டெல்லியில் புதுச் சட்டம் வரைந்துகொண்டிருக்கிறார்கள் என்றும், அது வந்துவிட்டால் இணையப் பெயர் யார் கையில் இருக்கிறதோ அவனே நிரந்தர உரிமையாளன் என்றும் விளக்கினார். அதற்குள் டிரேட்மார்க்கைத் தன் ஆசிரமத்தின் பெயருக்கு மாற்றி எழுதிவிட்டால் எதிரி தொட முடியாதாம். பத்திரம் தயாராகவே இருந்தது. தெய்வம் முன்கூட்டியே யோசிக்கும் போலிருக்கிறது.

பத்திரத்தில் சௌந்திரம் கையெழுத்து வேண்டும். அவள் ஒரு நாள் தவணை கேட்டாள். கருப்பஞ்சாற்றுக் கொப்பரை கொதிக்கிற நேரத்தில், தமிழில் வெளியாகியிருந்த சட்ட வரைவின் சுருக்கத்தைச் செல்போனில் படித்தாள். சித்தர் சொன்னதற்கு நேர் எதிராக இருந்தது. அடுத்தவர் டிரேட்மார்க்கைக் கெட்ட எண்ணத்தோடு இணையப் பெயராகப் பதிவு செய்தால் உரியவருக்குத் திருப்பித் தர வேண்டும். போலித் தளம் நடத்துபவனுக்குத் தண்டனை. இன்னும் சட்டமாகவில்லை, வெறும் முன்மொழிவு. ஆனால் படித்துப் பார்க்கக் கூடியதாக இருந்தது. வரிசையில் நின்ற நானூறு பேரில் ஒருவரும் செய்யாத காரியம் அது.

மறுநாள் காலையில் கணவனோடு காரில் மண்டபத்துக்கு வந்தாள். முன்னால் நின்ற எடப்பாடித் தறிக்காரர் கருப்பண்ணனிடம் பேச்சுக் கொடுத்தாள். துண்டுக் கம்பெனிக்கு அவர் கேட்ட மூன்று பெயரும் போய்விட்டனவாம். அவரைச் சாட்சியாக வைத்து, செல்போனில் இரண்டு பெயர்களைத் தேடினாள். இரண்டும் யாரும் எடுக்காமல் இருந்தன. நாச்சிமுத்து தோஷம் தோஷம் என்று பதறினார். தோஷம் பட்டால் தன்மேல் படட்டும் என்றாள் அவள்.

ஒரு பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். இன்னொன்றை எழுதித் தன் பர்சில் போட்டு மூடினாள். மாட்டுத் தீவனக் கம்பெனி தொடங்கப் போவதாகச் சொன்னதால், சீட்டை வாங்கியவன் என்ன எழுதியிருக்கிறது என்று யோசிக்கவில்லை. நாளுக்கு நானூறு சீட்டு வருகிற இடத்தில் யோசிக்க யாருக்கு நேரம்?

ஒரு மணி நேரம் ஆனது. கவுளி இடப்பக்கம் சொன்னது. சித்தர் கண்ணை மூடி, இந்தப் பெயரை எதிரி மூன்று வருடத்துக்கு முன்பே கைப்பற்றிவிட்டான் என்றார்.

“ஏனுங் சாமி,” என்றாள் சௌந்திரம், “எருமை வளைகாப்பு டாட் காமுக்குமா எனக்குப் போட்டி?”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சித்தர் கண்ணைத் திறந்தார்.

அவள் செல்போனைக் கருப்பண்ணனிடம் நீட்டினாள். அவர் உரக்கப் படித்தார். பெயர் பதிவானது இன்று, காலை பத்து நாற்பத்திரண்டு. டோக்கனில் குத்தியிருந்த நேரம் பத்து முப்பத்தைந்து.

அம்மனைச் சோதிக்கிறவர்கள் குலம் விளங்காது என்று சித்தர் குரலை உயர்த்தினார். சௌந்திரம் பர்சைத் திறந்து இன்னொரு சீட்டை எடுத்தாள்.

“இது கோழி காதுகுத்து டாட் காமுங்க. இன்னும் ஆரும் எடுக்கலை, பாத்துக்கங்க. எதிரிக்கு மந்திரக் கண்ணு இருந்தா என்ற பர்சுக்குள்ளயும் பாத்திருக்கோணுமல்லங்க? உங்ககிட்டக் குடுத்த பேரு மட்டுந்தான் போவுது. எதிரி அந்தத் திரைக்குப் பொறகால இருக்கறானுங்க.”

கருப்பண்ணன் மூன்று பெயரைப் பறிகொடுத்தவர். அவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. திரையைப் பிடித்து இழுத்தார்.

அம்மன் சின்னதாக ஒரு காலண்டரில் இருந்தாள். பெரிதாக இருந்தது லேப்டாப். அதன்முன் வழுக்கைத் தலையோடு ஒரு ஆள், பாதி தின்ற வடையோடு உட்கார்ந்திருந்தான். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று என்று இரண்டு ஸ்பீக்கர். பல்லி அவற்றுக்குள் குடியிருந்தது. லேப்டாப் திரையில் பெயர்ப் பட்டியல் ஓடியது: ரிக், முட்டை, துண்டு, ஜவ்வரிசி. நடுவில் ‘ஒத்தக் கொப்பரை’. அதற்கு எதிரே, யாருக்கு வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது என்ற விவரமும் ஒரு போன் நம்பரும்.

சௌந்திரம் அதைப் படம் பிடித்துக்கொண்டு, லேப்டாப்பை யாரும் தொட வேண்டாம் என்றாள். சைபர் கிரைம் போலீஸுக்குக் கருப்பண்ணன் போன் போட்டார். இமயம் வரை போய் வந்த சித்தர் சமையல்கட்டுக் கதவு வரைக்கும்தான் போக முடிந்தது. அங்கே ரிக் வண்டிக்காரர்கள் நின்றிருந்தார்கள்.

நாச்சிமுத்து பத்திரத்தை நான்காகக் கிழித்தார். மனைவியின் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“முன்னாலயே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல புள்ள?”

“சொன்னா நீங்க அதையும் சீட்டுல எழுதிக் குடுத்திருப்பீங்க.”

போலீஸ் வண்டி வந்து போன பிறகும் கூட்டம் கலையவில்லை. முட்டை வியாபாரி ஒருவர் மெல்ல சௌந்திரத்தின் அருகில் வந்தார். கையில் மஞ்சள் தடவிய சீட்டு. அவருக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வரிசை கட்டினார்கள். அவள் கைராசிக்காரியாகத் தெரிவதாகவும், இந்தப் பெயர் தேறுமா என்று அவளே பார்த்துச் சொன்னால் நல்லது என்றும் பணிவாகக் கேட்டார்.

சௌந்திரம் சீட்டை வாங்கவில்லை.

“எனக்குக் காட்டாதீங்க. நல்ல பேரா இருந்தா நானே எடுத்துக்குவேன். உங்க செல்லு உங்க கையிலதான இருக்குது? அதுக்கும் மேல ஒண்ணு இருக்குதே, கழுத்துக்கு மேல, அதையும் கொஞ்சம் தட்டிப் பாருங்க.”