கால் ஊன்றாத நிதானம்

மெதுவாகப் போகிறவர்களைப் பார்த்து உலகத்தில் யாரும் பொறாமைப்பட்டதில்லை. நான் பட்டிருக்கிறேன். வயிறு எரிய, சோறு இறங்காமல் பட்டிருக்கிறேன். அதற்குக் காரணம் ஒரே ஆள். திருத்தணியில் ஒரு கண் கிளினிக்கில் என்னோடு வேலை பார்க்கும் நிதானம் அக்கா.

அக்காவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். எங்கள் ஊரில் பாதிப் பேர் வீட்டுக்குள் தெலுங்கு, தெருவில் தமிழ். நிதானம் என்ற சொல் இரண்டிலும் இருப்பதால், ஆந்திரப் பக்கம் நகரியிலிருந்து கண்ணாடி போட வருகிறவர்களுக்குக்கூட அந்தப் பெயரை விளக்க வேண்டியிருந்ததில்லை. பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார்கள்.

கண்ணில் பவர் பார்ப்பது அக்காவின் வேலை. ஃபிரேம் காட்டுவது என் வேலை. ஒரு லென்ஸைப் போட்டு "இது நல்லா தெரியுதா?" என்று கேட்பார். அதை எடுத்து, துடைத்து, பெட்டியில் வைத்து, அடுத்ததைத் தேடி எடுத்து, அதையும் துடைத்துப் போட்டு, "இல்ல இது நல்லா தெரியுதா?" என்பார். அதற்குள் முதல் லென்ஸ் எப்படி இருந்தது என்பதே உட்கார்ந்திருப்பவருக்கு மறந்துபோயிருக்கும். அம்மையார்குப்பத்தில் தறி நெய்கிற பெரியவர் ஒருவர் ஒருநாள் எழுந்தே விட்டார். "ஏம்மா, நான் வரும்போது கண்ணு நல்லாத்தான் இருந்துச்சி. இங்க குந்திக்கினு இருந்ததுலதான் வயசாயிடுச்சி" என்றார். அக்கா கோபப்படவில்லை. கோபம் வருவதற்கும் அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பெரியவர் அதற்குள் அரக்கோணம் ரோட்டைத் தாண்டியிருப்பார்.

நான் நேர் எதிர். டீ கொதிக்கும்போதே குடிப்பேன். படியில் ஏறினால் ஒன்று விட்டு ஒன்று. கிளினிக்கில் எனக்கு ஒரே ஆசை, அந்தக் கண்ணாடி அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே போக வேண்டும் என்பது. சுற்றுக் கிராமங்களில் முகாம் நடத்தி, ஆபரேஷன் ஆனவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துச் சொட்டு மருந்து கொடுத்து வருகிற வேலைக்கு ஆள் வேண்டும் என்று டாக்டர் அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார்.

"எங்க வீட்டுக்காரரோட பழைய பைக் ஷெட்ல சும்மாதான் கிடக்குது. ஸ்கூட்டி எல்லாம் கேக்காதீங்க. யார் முதல்ல லைசென்ஸ் எடுக்கறீங்களோ, அவங்களுக்கு அந்த வண்டியும் கேம்ப் வேலையும்."

நான் அவர் முடிக்கும் முன்பே கையைத் தூக்கினேன். டாக்டர் அம்மா தலையாட்டிவிட்டு, குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். குழாய்ப் பேச்சு முடிகிற நேரத்தில் அக்காவின் கை மேலே வந்து சேர்ந்தது.

"என்னமா, குழாயை நீ பாத்துக்கிறியா?"

"இல்ல டாக்டரம்மா. வண்டி."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது நான்தான்.

ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் காலை நேரத்தில் பழகினோம். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். முதல் நாளே நான் மூன்றாவது கியர் போட்டுவிட்டேன். துப்பட்டா பறக்க மைதானத்தைச் சுற்றி வந்தபோது, மலைமேல் இருக்கும் முருகனே எட்டிப் பார்ப்பதாகத் தோன்றியது. அக்கா அன்றைக்கு முழுக்க ஸ்டாண்டு போட்ட வண்டியில் உட்கார்ந்து கிளட்சைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தார். மாவு பதம் பார்க்கிற முகம்.

மறுநாள் மாஸ்டர் தண்ணீர் பாட்டில்களை வரிசையாக நட்டார்.

"வேகமா போறதுக்கு நான் எதுக்குங்க. அது வண்டியே போயிடும். இதுக்குள்ள பூந்து பூந்து மெதுவா வாங்க. கால் தரையில படக்கூடாது."

கிளட்சை முழுக்கப் பிடித்தால் வண்டி சும்மா நிற்கும், சாயும். முழுக்க விட்டால் பாயும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை அளவு ஓர் இடம் இருக்கிறது. விரல்களை அங்கே நிறுத்தி, கொஞ்சமாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து, பின் பிரேக்கைப் பாதத்தால் லேசாகத் தொட்டுக்கொண்டே இருந்தால் வண்டி மனிதர் மாதிரி நடக்கும். இது எனக்குப் புரிந்தது. என் கைக்குப் புரியவில்லை. முதல் பாட்டிலை நசுக்கினேன். இரண்டாவதுக்குக் காலை ஊன்றினேன். மூன்றாவதுக்கு நானே படுத்துக்கொண்டேன்.

"கீழ பாக்காதீங்கம்மா. கீழ பாத்தா கீழதான் போவீங்க. எங்க போவணுமோ அங்க பாருங்க."

பிறகு அக்கா வந்தார். எனக்குக் கிடைக்காத அந்த மயிரிழை இடத்தில் அவர் பாய் விரித்துப் படுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். எறும்பு அரிசியைத் தூக்கிக்கொண்டு போவதுபோல வண்டி பாட்டில்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போனது. வழியில் ஒரு நாய் படுத்திருந்தது. அது எழுந்திருக்கவில்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது. அக்கா அதன் வாலைச் சுற்றிக்கொண்டு வந்தபடியே என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, காலையில சாப்டியா?"

எனக்கு அழுகை வந்தது.

"எப்படிக்கா பண்றீங்க?" என்று ஒருநாள் வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"எது?"

"அந்தத் திருப்பம்."

அக்கா யோசித்தார். நாங்கள் நடந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்துவிட்டோம். எனக்கு வேண்டிய பஸ் வந்து நின்றது. அப்போதுதான் பதில் வந்தது.

"திரும்பணும்னு நெனச்சேன். திரும்பிச்சி."

நான் பட்ட எரிச்சலிலேயே அந்த பஸ் ஓடியிருக்கும், டீசலே தேவைப்பட்டிருக்காது. பிறந்ததிலிருந்து இந்த அம்மாவை எல்லோரும் எந்தக் குணத்துக்காகத் திட்டினார்களோ அதையே ஒரு வித்தையாக மாற்றி, என் கண் முன்னால் ஓட்டிக் காட்டுகிறாரே என்று மனம் ஆறவில்லை. சாப்பிடும் விதத்தில்தான் சூட்சுமம் இருக்கும் என்று ஒரு வாரம் இட்லியை மென்று மென்று சாப்பிட்டேன். என் கணவர் பார்த்துவிட்டு, "இன்னா, பல்லு வலியா?" என்றார். மாஸ்டர் வேறு அக்கா ஓட்டுவதை செல்போனில் படம் பிடித்து, புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் காட்டினார். நான் ஒருநாள் முறைத்தேன். "உங்களையும் எடுத்து வச்சிருக்கேன்மா. எப்படி ஓட்டக்கூடாதுன்னு காட்டறதுக்கு வேணுமே" என்றார்.

லைசென்ஸ் தேர்வில் எட்டுப் போட வேண்டும். நான் முதல் வளைவை நன்றாகவே முடித்தேன். இரண்டாவதில், பின்னால் நிற்கும் அக்காவின் முகத்தில் பயம் தெரிகிறதா என்று பார்க்கத் திரும்பினேன். கால் தரையில் பட்டது. "அடுத்த முறை வாங்கம்மா" என்றார் அதிகாரி.

அக்கா எட்டைத் தொடங்கியபோது அதிகாரிக்குப் போன் வந்தது. தள்ளிப் போய்ப் பேசினார். திரும்பி வந்து யாருக்கோ கையெழுத்துப் போட்டார். டீ குடித்தார். நிமிர்ந்து பார்த்தால் அக்கா இரண்டாவது வளைவில் இருக்கிறார், கால் மேலேயேதான் இருக்கிறது.

"பாஸும்மா. இறங்குங்க."

"ஆங், ஆங். எட்டு இன்னும் முடியலைங்க."

வரிசையில் நின்ற பையன்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அக்கா எட்டை முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

வண்டியும் வேலையும் அவருக்குப் போயின. நான் அலமாரிக்குப் பின்னால் நின்று ஃபிரேம்களைத் துடைத்தேன். என் வேலையோடு இன்னொரு வேலையும் சேர்ந்தது. முகாம் நடக்கும் மணவூரிலிருந்து போன் வரும். "அந்தம்மா கெளம்பிட்டாங்களா?"

"வந்துகினு இருக்காங்க."

ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் வரும். "எங்கதான் வராங்க?"

"வந்துகினேதான் இருக்காங்க."

அப்படிக் காக்கவைத்தும் யாரும் அவரை வெறுக்கவில்லை. போகிற ஊரிலெல்லாம் முருங்கைக்காயும் கீரையும் வண்டியில் கட்டி அனுப்பினார்கள். சாயங்காலம் அதில் ஒரு பங்கு என் மேஜைக்கு வரும். அந்தக் கீரை எனக்குக் கசந்தது.

ஆடிக் கிருத்திகை வந்தது. கிருத்திகை அன்று திருத்தணியில் ரோடு என்று ஒன்று கிடையாது. தலைகள்தான். எங்கள் வீடு மலையடிவாரத்தில் இருக்கிறது. கிளினிக் ஊரின் மறுகோடி. அன்றைக்கு எனக்கு விடுமுறை, என் கணவருக்கு அரக்கோணத்தில் வேலை. மாமனார் வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்புப் பாக்கெட்டை என் மகள் எடுத்து அமுக்கி விளையாடினாள். அது வெடித்து நேராகக் கண்ணில் தெறித்தது.

சுண்ணாம்பு கண்ணை என்ன செய்யும் என்பது கண் கிளினிக்கில் வேலை செய்கிறவளுக்குத் தெரியும். கருவிழியை வேகவைத்துவிடும். குழாயடியில் அவளைப் படுக்கவைத்துத் தண்ணீரை ஊற்றினேன். ஊற்றிக்கொண்டே டாக்டர் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஊத்திக்கிட்டே இரு. நிறுத்தாதே. ஆனா இமைக்கு உள்ள ஒட்டியிருக்கும், நான் எடுத்தாகணும். சீக்கிரம் கொண்டுவா."

எப்படிக் கொண்டுபோவது? எந்த ஆட்டோவும் வராது. நடந்தால் ஒரு மணி நேரம், அவளையும் தூக்கிக்கொண்டு கண்ணில் தண்ணீர் ஊற்றக் கை ஏது? அப்போது போனில் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "நான் போறேன் டாக்டரம்மா."

நிதானம் அக்காவின் குரல். இவரா? அடுத்த கிருத்திகைக்கு வந்து சேர்வாரே.

ஆனால் ஒன்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. காலி ரோட்டில் அக்கா என்ன வேகமோ, கூட்டத்திலும் அதே வேகம்தான். தெருமுனையில் பெரிய பெரிய பைக்குகள் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டு உறுமிக்கொண்டு நின்றன. அவற்றுக்கு நடுவிலிருந்து எங்கள் பழைய பைக் வெளியே வந்தது.

தண்ணீர் பாட்டிலோடு பின்னால் ஏறி, மகளை என்னைப் பார்த்தபடி நடுவில் உட்காரவைத்தேன். அவள் தலையை அக்காவின் முதுகில் சாய்த்தேன். வண்டி நகர்ந்தது. தடுப்பில் போலீஸ்காரர் கையை நீட்டினார்.

"வண்டி உள்ள வுடமாட்டோம்மா."

"கொழந்த கண்ணுல சுண்ணாம்பு சார். இந்த ஜனம் நடக்கற நடையிலதான் போவேன். பாத்துக்கங்க."

அக்கா நிறுத்தவில்லை. போலீஸ்காரர் பேசிக்கொண்டே கூடவே நடந்தார். அந்த வேகத்தில் அவருக்குத் திட்டி முடிக்கவும், குழந்தையின் கண்ணைப் பார்க்கவும், மனம் மாறவும், முன்னால் போய் வழிவிடச் சொல்லவும் போதுமான நேரம் இருந்தது.

சுற்றிலும் பம்பைச் சத்தம். மஞ்சள் துணி, பூக்காவடி, அரோகரா. காவடிப் பூ என் தலையில் உரசியது. முன்னால் ஒருவர் காவடியோடு சுழன்று ஆடினார். அக்கா அவர் சுழன்று முடிக்கும் வரை, நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாதபடி வண்டியை வைத்திருந்தார். கால் கீழே வரவில்லை. நான் மகளின் இமையை விரித்துப் பிடித்து, பாட்டிலிலிருந்து தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தேன். ஓடுகிற வண்டியில், தாரை கண்ணை விட்டு விலகாமல் ஊற்றினேன். பாட்டில் தீர்ந்தபோது கூட நடந்த பெண்கள் தங்கள் பாட்டில்களை நீட்டினார்கள். யாரும் ஓட வேண்டியிருக்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும், பயத்தில் உயிர் போய்க்கொண்டிருந்தபோதும், என் கண் ஒரு கணம் அக்காவின் இடது கைக்குப் போனது. எவ்வளவு அழகாகப் பிடித்திருக்கிறார் என்று பொறாமையாகத்தான் இருந்தது.

டாக்டர் அம்மா மகளை உள்ளே தூக்கிக்கொண்டு போனார். இமைக்குள்ளிருந்து துணுக்குகளை எடுத்து, கழுவி, கட்டுப்போட்டு வெளியே வந்தார். "தண்ணி விடாம ஊத்தியிருக்கே. அதனாலதான் கண்ணு தப்பிச்சுது" என்றார்.

வாசலுக்கு வந்தேன். அக்கா இன்னும் வண்டிமேலேயே உட்கார்ந்திருந்தார். இன்ஜின் அணைந்திருந்தது. இடது கை மட்டும் கிளட்சை விடவில்லை.

"அக்கா, எறங்குங்க. பாப்பாவுக்கு ஒண்ணுமில்ல."

"எறங்கணும்மா. கை வரமாட்டேங்குது."

விரல்கள் மடங்கியபடியே விறைத்திருந்தன. என் மகள் சாய்ந்திருந்த முதுகு முழுக்கத் தண்ணீரும் வேர்வையும். "ரொம்ப பயந்துட்டேன்" என்றார், அதே மெதுவான குரலில். நான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். அவசரப்படாமல் ஒரு காரியத்தைச் செய்வது எனக்கு அதுதான் முதல் தடவை.

கண் ஆறியது. வளர்ந்ததும் என்ன செய்யப் போகிறாய் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டதற்கு, பெரிம்மா மாதிரி வண்டி ஓட்டுவேன் என்று சொல்லியிருக்கிறாள் என் மகள். அவளுக்கு வண்டி ஓட்டுகிற அம்மாவும் ஒருத்தி இருக்கிறாள். ஆமாம், பிறகு நானும் லைசென்ஸ் எடுத்தேன். எத்தனையாவது முறை என்று கேட்காதீர்கள். முகாம் வேலை பெருகியதால் டாக்டர் அம்மா எனக்கும் ஒரு வண்டி கொடுத்தார். என் எட்டு இன்றைக்கும் கோணல்தான். பொறாமையும் போகவில்லை.

திருவாலங்காட்டில் முகாம் என்றால் இருவரும் சேர்ந்து கிளம்புவோம். அக்கா முன்னால், இரண்டாவது கியரில். ஆலைக்குப் போகும் கரும்பு லாரிகள் பின்னாலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே வரும். நான் முந்துவதில்லை. அவருக்கும் லாரிக்கும் நடுவில் என் வண்டியை வைத்துக்கொண்டு, கிளட்சோடு மல்லுக்கட்டியபடி பின்னாலேயே போகிறேன். அந்தச் சத்தமெல்லாம் முதலில் என் முதுகில் விழட்டும்.