குறை தேடிப் போன குழாய்க்காரர்

மகள் எந்தக் கல்லூரியில் வேண்டுமானாலும் இன்ஜினியரிங் படிக்கலாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை வீசிவிட்டு டீ கேட்க வேண்டும். குழாய்க்காரரின் கல்விக் கொள்கை இவ்வளவுதான்.

மகளின் பட்டியலில் ஐந்து கல்லூரிகள். நான்கு பஸ் பாஸுக்குள் அடங்கின. முதலிடத்தில் இருந்ததற்கோ ரயிலில் எட்டு மணி நேரம். அவள் ஆசைப்பட்ட விமானப் பொறியியல் அங்கேதான் இருந்தது. அவள் வாங்கிய மதிப்பெண்ணுக்கு எதை முதலில் எழுதுகிறாளோ அது கிடைத்துவிடும். குழாய்க்காரர் பேனாவோடு வந்து உட்கார்ந்தார்.

"முதல் காலேஜை அடிச்சிடலாம். ஹாஸ்டல் சரியில்லையாம்."

"யாருப்பா சொன்னா?"

"சொன்னாங்க."

அந்த 'சொன்னாங்க'வை மனைவி தோண்டவில்லை. "கேள்விப்பட்டதை வச்சு அடிக்க வேண்டாங்க. விண்ணப்பம் போட இன்னும் மூணு நாள் இருக்கு. நீங்களே ஒரு நடை போய்ப் பாருங்க. ஒரே ஒரு குறை இருந்தாலும் அடிச்சிடுவோம்."

அவர் காதில் தேன் பாய்ந்தது. இருபத்திரண்டு வருட அனுபவத்தில் குறையில்லாத கட்டடத்தை அவர் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் குடும்பம் பட்டினி கிடந்திருக்கும். கிளம்பும்போது மனைவி ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிவிட்டாள். "இது இல்லாம நடந்தா உங்களுக்கு ஒரு பக்கமா சாயுது."

மூன்றாம் நாள் காலை, சட்டையெல்லாம் துருக்கறையோடு வெற்றி வீரராகத் திரும்பினார்.

"குறை ஒண்ணு ரெண்டு இல்லம்மா. ஒன்பது! எழுதியே வச்சிருக்கேன்."

"படிங்க," என்றாள் மனைவி.

"ரெண்டாம் மாடியில குழாய் சொட்டுது."

"அடடா. இப்பவுமா?"

"இப்ப எப்படிச் சொட்டும்? வாஷர் மாத்திட்டேனே."

"அடுத்தது?"

"ஃப்ளஷ் டேங்க் நிறையல. உள்ள மிதவை வளைஞ்சு கிடந்துச்சு. நிமிர்த்தி விட்டேன்."

"மூணாவது?"

"குளியலறைத் தாழ்ப்பாள் நிக்கல. பொண்ணுங்க இருக்கிற இடம்! அப்படியே விட்டுட்டு வர முடியுமா?"

"முடியாதுதான்."

"கடைக்கு ஓடிப் போய்ப் புதுசு வாங்கிப் போட்டேன். வார்டனம்மா டீ கொடுத்து, மூணாம் மாடியையும் பார்க்கச் சொன்னாங்க."

ஒன்பதாவதுக்கு வரும்போது அவர் குரல் பாதாளத்துக்குப் போயிருந்தது. காகிதத்தை நான்காக மடித்தார்.

"ஆக, இப்ப ஒரு குறையும் இல்ல," என்றாள் மனைவி.

"எட்டு மணி நேரம்மா," என்றார் மெல்ல. "காய்ச்சல்னு படுத்தா யாரு பார்ப்பா?"

அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானை நுனியால் அவர் மணிக்கட்டில் இருந்த கிரீஸைத் துடைத்தாள். "அடுத்த ரயில்ல நீங்க போய் நிக்க மாட்டீங்களா? உங்களை யாரால தடுக்க முடியும்?"

உள்ளே மகள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவர் அதைக் கொஞ்ச நேரம் கேட்டார்.

"சரி. அதுவே முதல்ல இருக்கட்டும். விண்ணப்பத்தை அனுப்பச் சொல்லு."

"அனுப்பியாச்சு."

"எப்போ?"

"நீங்க ரயில் ஏறின அன்னிக்கே."

"அப்புறம் எதுக்கு என்னை அவ்வளவு தூரம் அனுப்பினே?"

"நம்ம பொண்ணு போய்ச் சேர்றதுக்குள்ள யாராவது தாழ்ப்பாளைச் சரி பண்ண வேண்டாமா?"